கியூபெக் பிரெஞ்சு கொச்சையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலோ புதுச்சேரியிலோ பிரெஞ்சு படித்துவிட்டு கனடாவுக்குப் போக எண்ணுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மொன்றியல் நகரில் அண்ணன், அக்கா குடும்பம் இருப்பவர்கள் கேட்பவையும் இதில் உண்டு. எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: "அங்கே பேசுவது நல்ல பிரெஞ்சு இல்லையாமே?" இந்த விஷயத்தில் நான் நடுநிலையாளன் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கியூபெக்கில் பேசுவது பிரெஞ்சுதானா?

பிரெஞ்சேதான். சுமார் 90 லட்சம் பேர் வாழும் அந்த மாகாணத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு அதுவே தாய்மொழி. மொன்றியல் நாளிதழின் தலையங்கத்தையும் பாரிஸ் நாளிதழின் தலையங்கத்தையும் பெயரை மறைத்துப் படிக்கக் கொடுத்தால், எது எங்கிருந்து வந்தது என்று மொழியை மட்டும் வைத்துச் சொல்வது எளிதல்ல. இலக்கணம் ஒன்று, எழுத்துமுறை ஒன்று. வேறுபாடு வாய் திறக்கும்போதுதான் தெரியும்.

ஹெய்ட்டியின் கிரியோலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தனக்கென்று இலக்கணம் உள்ள தனி மொழி. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பில் பிரெஞ்சோடு சேர்த்து ஆட்சிமொழியாகவும் ஏற்கப்பட்டது.

அப்படியானால் பாரிஸ்காரர்கள் ஏன் புரியவில்லை என்கிறார்கள்?

பாதி ஒலி, பாதி பழக்கம். கியூபெக்காரர்கள் 'தி', 'தியூ' என்ற ஒலிகளை 'த்ஸி', 'த்ஸியூ' என்று உச்சரிப்பார்கள். நெடில் உயிர்களை வளைத்து இழுப்பார்கள். பாரிஸில் பலருக்கு ஒன்றாகிவிட்ட உயிரொலிகள் அங்கே இன்னும் தனித்தனியாக நிற்கின்றன. 'பழுப்பு' என்பதற்கான சொல்லும் 'துளிர்' என்பதற்கான சொல்லும் பாரிஸ்காரர் பலரின் வாயில் ஒன்றுபோலவே ஒலிக்கும். மொன்றியலில் எந்தக் குழந்தையும் அவற்றைக் குழப்பாது. ஒலிகளைக் காப்பாற்றி வைத்திருப்பது யார் என்று பார்த்தால் "சுத்தம்" பற்றிய பேச்சு அப்போதே திசை மாறிவிடும்.

மற்றப் பாதி பழக்கம். கியூபெக்காரர் பிறந்ததிலிருந்து பாரிஸ் பேச்சைத் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பாரிஸ்காரர் கியூபெக் பேச்சை அரிதாகத்தான் கேட்கிறார். புரியாமை இரு பக்கமும் சமமாக இருந்திருந்தால் அதை மொழியின் குறை என்று வாதிடலாம். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது கேட்காத காதின் குறை.

17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அங்கே அப்படியே உறைந்து கிடக்கிறது என்கிறார்களே?

பாராட்டுப்போல் ஒலிக்கும் பாதி உண்மை. 1608இல் பிரெஞ்சுக் கடற்பயணி சாம்ப்லேன் கியூபெக் நகரை நிறுவினார். 1663 முதல் 1673 வரை 'அரசரின் மகள்கள்' என்ற பெயரில் சுமார் 800 பெண்கள் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நார்மண்டி, பெர்ஷ், புவாத்து, பாரிஸ் சுற்றுவட்டாரம் என்று பல பகுதி மக்கள் ஒன்றாக வாழ நேர்ந்தபோது தத்தம் ஊர்ப் பேச்சை விட்டுவிட்டு பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சுக்கு மாறினார்கள். பிரான்சின் கிராமங்கள் ஒரே மொழிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே 'நியூ பிரான்ஸ்' எனப்பட்ட இந்தக் குடியேற்றம் வந்துவிட்டது.

பழையவை சில தங்கிவிட்டன என்பது சரி. 'நான்' என்பதன் அழுத்த வடிவத்தை இன்று பாரிஸில் 'முவா' என்பார்கள். கியூபெக் கிராமத்தில் முதியவர் 'முவே' என்பார். அரசவையின் உச்சரிப்பும் ஒரு காலத்தில் அதுதான். 1789 புரட்சிக்குப் பிறகு பாரிஸ் நகரத்தாரின் 'முவா' மேலேறியது, அரசரின் 'முவே' பட்டிக்காட்டுத்தனம் ஆயிற்று. ஆனால் எந்த உயிருள்ள மொழியும் உறைவதில்லை. கியூபெக்கும் நான்கு நூற்றாண்டுகளாகப் புதிது புதிதாக மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அருங்காட்சியகப் பொருள் என்று அதைப் புகழ்வதும் ஒருவகை ஓரங்கட்டல்தான்.

இந்த இளக்காரம் எப்போது தொடங்கியது?

இங்கேதான் கதை சுவையாகிறது. தொடக்கத்தில் கிடைத்தது புகழ்ச்சி. 1720களில் அங்கே பயணம் செய்த இயேசு சபைப் பாதிரியார் ஷார்லெவுவா, நம் மொழியை இவ்வளவு தூய்மையாக வேறெங்கும் பேசுவதில்லை, எந்த ஊர்ச் சாயலும் தெரியவில்லை என்ற பொருளில் எழுதினார். 1749இல் வந்த ஸ்வீடன் தாவரவியலாளர் பேர் கால்மும் மக்களின் பேச்சைக் குறைத்துப் பேசவில்லை.

பிறகு 1759இல் கியூபெக் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் அந்நாட்டைக் கைகழுவியது. அதிகாரிகளும் பெருவணிகர்களும் கப்பலேறினார்கள். ஏறத்தாழ 70,000 பேர், பெரும்பாலும் உழவர்களும் பாதிரியார்களும், எஞ்சினார்கள். அச்சு, வணிகம், ஆட்சி மூன்றும் ஆங்கிலத்துக்குப் போயின. அதே காலத்தில் பாரிஸ் தன் உச்சரிப்பை மாற்றிக்கொண்டது. அந்த மாற்றம் கடல் தாண்டி வரவில்லை. வர வழியும் இல்லை.

1831இல் வந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொக்வில், நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் பேசிய பிரெஞ்சில் ஆங்கிலத்தின் வாடையைக் கண்டு முகம் சுளித்தார். 1841இல் தோமா மக்கீர் என்ற பாதிரியார் கனடியர் பேச்சின் 'பிழை'களைத் தொகுத்து ஒரு கையேடு வெளியிட்டார். அவற்றில் பல பிழைகளே அல்ல என்று இன்னொரு பாதிரியார் ழெரோம் தெமேர் மறுத்து எழுதினார். அன்று தொடங்கிய சண்டை இன்றுவரை ஓயவில்லை. கவனியுங்கள்: ஷார்லெவுவா புகழ்ந்த மக்களின் கொள்ளுப்பேரர்கள்தான் இவர்கள். அவர்கள் பேச்சு தலைகீழாக மாறிவிடவில்லை. அதை அளக்கும் கோல் பாரிஸில் மாறியது. அளக்கப்படுகிறவர்கள் தோற்ற இனமாகியிருந்தார்கள்.

ஆங்கிலேயர்களுக்கு இதில் பங்கு உண்டா?

தாராளமாக. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆங்கிலம் பேசுவோரிடையே ஒரு கட்டுக்கதை பரவியது: கியூபெக்காரர் பேசுவது பிரெஞ்சே அல்ல, 'பத்துவா' என்ற நாட்டுப்புறக் கலவை, உண்மையான பிரெஞ்சு பாரிஸ் பிரெஞ்சுதான். வீட்டுக்குப் பக்கத்தில் பேசப்படும் மொழியைக் கற்காமலிருக்க இது வசதியான சாக்கு. கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் பிரெஞ்சு பேசியவர்கள் 'வெள்ளைக்காரன் மொழியில் பேசு' என்று அதட்டப்பட்டதும் உண்டு. இவ்வளவுக்கும் அதட்டப்பட்டவர்களும் வெள்ளையர்களே.

'ழுவால்' என்றால் என்ன?

குதிரை என்பதற்கான 'ஷெவால்' என்ற சொல்லின் தேய்ந்த உச்சரிப்பு. 1959இல் 'லெ தெவுவார்' நாளிதழின் ஆசிரியர் ஆந்த்ரே லொராந்தோ, பள்ளிப் பிள்ளைகள் 'ழுவால்' பேசுகிறார்கள் என்று வருந்தி எழுதினார். அதைப் படித்த ழான்-போல் தெபியன் என்ற துறவி ஆசிரியர் புனைபெயரில் கடிதங்கள் எழுத ஆரம்பித்தார். 1960இல் அவை நூலாகி ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றன. குதிரைகள் பேசினால் இப்படித்தான் பேசும் என்ற அளவுக்குப் போனார் அவர்.

அவருக்கு நியாயமும் உண்டு. தன் மாணவர்களை ஏளனம் செய்வது அவர் நோக்கமல்ல. அவர்களைக் கைவிட்ட கல்விமுறையின் மீதுதான் கோபம். ஆனால் நூலின் நுணுக்கம் மறைந்து வசைச்சொல் மட்டும் ஊரில் தங்கியது. மொன்றியல் கிழக்குப் பகுதித் தொழிலாளியின் பேச்சுக்கு ஏற்கெனவே இருந்த வெட்கத்தோடு இப்போது ஒரு பெயரும் சேர்ந்துகொண்டது. 1968இல், அந்த ஆண்டே கனடாவின் பிரதமரான பியேர் துருதோவே கியூபெக்காரர் பேசும் பிரெஞ்சு மட்டமானது என்றார். அவரும் மொன்றியல்காரர்தான்.

தங்கள் பேச்சை அவர்களே தாழ்வாக நினைத்தார்களா?

ஆம். இதற்குப் புகழ்பெற்ற ஒரு சோதனையே உண்டு. மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட் 1960இல் வெளியிட்டது. இரு மொழியும் சரளமாகப் பேசும் சிலரை ஒரே பகுதியை ஆங்கிலத்தில் ஒருமுறையும் பிரெஞ்சில் ஒருமுறையும் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஒருவரே இருமுறை படிக்கிறார் என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது. குரலை மட்டும் வைத்து ஆளை மதிப்பிடச் சொன்னார்கள்: புத்திசாலியா, நம்பத்தக்கவரா, உயரமானவரா என்றுகூட.

ஆங்கில மாணவர்கள் ஆங்கிலக் குரலுக்கு அதிக மதிப்பெண் கொடுத்தார்கள், அது எதிர்பார்த்ததே. பிரெஞ்சு மாணவர்களும் அப்படியே செய்தார்கள். அதுமட்டுமல்ல, தங்கள் இனத்தாரின் குரலுக்கு ஆங்கில மாணவர்கள் கொடுத்ததைவிடக் குறைவாகவே மதிப்பெண் கொடுத்தார்கள். பக்தி, இரக்கம் போன்றவற்றில்தான் பிரெஞ்சுக் குரல் முந்தியது. ஆங்கிலம் பேசினால் உயரமும் கூடிவிடுகிறது, பிரெஞ்சு பேசினால் கோயிலுக்குப் போகத்தான் லாயக்கு!

இதைத் தாழ்வு மனப்பான்மை என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு விருப்பமில்லை. 1960களில் கனடிய அரசின் இருமொழி ஆணையம் கியூபெக்கில் இனவாரியாக வருமானத்தைக் கணக்கிட்டபோது, 14 பிரிவுகளில் பிரெஞ்சு வம்சாவளி ஆண்கள் 12ஆம் இடத்தில் இருந்தார்கள், அதுவும் தாங்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்தில். அந்த மாணவர்கள் குரலில் கேட்டது சம்பளத்தை.

இந்த நிலை எப்படி மாறியது?

ஒரு நாடகமும் ஒரு சட்டமும் பெரிய காரணங்கள். 1968 ஆகஸ்ட்டில் மிஷேல் திராம்ப்லேயின் 'லே பெல்-சேர்' மொன்றியலில் அரங்கேறியது. பதினைந்து பெண்கள் ஒரு சமையலறையில் கூடிப் பேசும் நாடகம். பேச்சு முழுக்க ழுவால். மேடையில் இந்த மொழியா என்று பாதி ஊர் கொதித்தது. பாரிஸுக்கு எடுத்துச் செல்ல 1972இல் அரசு நிதி கேட்டபோது அமைச்சர் மறுத்துவிட்டார். மறு ஆண்டே நாடகம் பாரிஸில் அரங்கேறி வரவேற்புப் பெற்றது. வீட்டில் வெட்கப்பட்டதை வெளியூர் பாராட்டிய பிறகு வீட்டுக்குள் கொண்டாடுவது கியூபெக்கின் பழைய வழக்கம். பாடகர் பெலிக்ஸ் லெக்லேருக்கும் 1950களின் தொடக்கத்தில் இதுவே நடந்தது.

சட்டம் என்பது 1977 ஆகஸ்ட்டில் நிறைவேறிய பிரெஞ்சு மொழிச் சாசனம், அதாவது 101ஆவது சட்டம். வேலையிடம், கடைப் பலகை, குடியேறியோர் குழந்தைகளின் பள்ளி எல்லாவற்றிலும் பிரெஞ்சு முதன்மை பெற்றது. அந்த மொழியில் மேலதிகாரியாக முடியும் என்று ஆன பிறகு அதைக் குறித்த வெட்கம் தானாகக் குறையத் தொடங்கியது. உபதேசத்தால் அல்ல, உத்தியோகத்தால்.

சரியான பிரெஞ்சு எது என்பதை இப்போது யார் முடிவு செய்கிறார்கள்?

1965இல் கியூபெக்கின் மொழி அலுவலகம், எங்கள் நெறி ஏறக்குறைய பாரிஸின் நெறியே என்றது. 1977இல் பிரெஞ்சு ஆசிரியர் சங்கம் அதை மறுத்து, பள்ளியில் கற்பிக்க வேண்டியது 'கியூபெக் தரப் பிரெஞ்சு' என்று தீர்மானம் போட்டது. நடைமுறையில் அது எப்படி ஒலிக்கும் என்றால், பொது ஒலிபரப்பு நிறுவனமான ரேடியோ-கனடாவின் செய்தி வாசிப்பாளரைக் கேளுங்கள், அதுதான். பாரிஸும் அல்ல, ழுவாலும் அல்ல.

ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தின் 'உசித்தோ' இணைய அகராதி 2019 முதல் இலவசம். அதில் கியூபெக்கில் மட்டும் வழங்கும் சொல்லுக்கு ஒரு குறியீடு, ஐரோப்பாவில் மட்டும் வழங்கும் சொல்லுக்கு இன்னொரு குறியீடு. பாரிஸில் அச்சாகும் அகராதிகளில் கியூபெக், பெல்ஜியம், சுவிஸ் சொற்களுக்கு 'வட்டாரம்' என்று குறிப்பிருக்கும். பாரிஸ் சொல் எதற்கும் இராது. பாரிஸும் ஒரு வட்டாரம்தான் என்று வெளிப்படையாகச் சொல்லும் அகராதி எனக்குப் பிடித்திருக்கிறது.

பிரெஞ்சு அகாதெமி என்ன சொல்கிறது?

பிரான்ஸில் மொழிக்கு நெறி வகுக்கும் அந்த அமைப்பு தாமதமாகச் சொல்கிறது. பதவிப் பெயர்களுக்குப் பெண்பால் வடிவம் பயன்படுத்துமாறு கியூபெக் 1979இலேயே பரிந்துரைத்தது. அகாதெமி அதற்குத் தலையசைத்தது 2019இல்.

ஆங்கிலக் கலப்பு அதிகம் என்பது உண்மைதானே?

எந்த ஆங்கிலம் என்று கேட்க வேண்டும். பாரிஸ்காரர் 'வீக்கெண்டு'க்கு வெளியூர் போகிறார், 'பார்க்கிங்'கில் காரை விடுகிறார், 'ஷாப்பிங்' செய்கிறார், தெருமுனையில் 'ஸ்டாப்' பலகையைப் பார்த்து நிற்கிறார். கியூபெக்காரர் இவை நான்குக்கும் பிரெஞ்சுச் சொல் வைத்திருக்கிறார். நிறுத்தப் பலகையில்கூட 'அரே' என்றுதான் எழுதியிருக்கும். மின்னஞ்சலுக்கு அங்கே பரவிய 'கூரியேல்' என்ற சொல்லை பிரான்ஸ் 2003இல் அரசிதழில் ஏற்றுக்கொண்டது.

அதே கியூபெக்காரர் கார் பழுதானால் பிரேக், வைப்பர், மஃப்ளர் என்று ஆங்கிலத்தில் அடுக்குவார். தொழிற்சாலையும் முதலாளியும் ஆங்கிலமாக இருந்த காலத்தின் மிச்சம் அது. பாரிஸ் ஆங்கிலச் சொல்லை நாகரிகத்துக்காக எடுத்துக்கொண்டது. கியூபெக்குக்கு அது பிழைப்புக்காக வந்து சேர்ந்தது. இதில் எது கேலிக்குரியது என்று நீங்களே சொல்லுங்கள்.

கியூபெக் வசைச்சொற்களை ஏன் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள்?

அவை தேவாலயத்திலிருந்து வந்தவை: நற்கருணைப் பேழை, திருக்கிண்ணம், அப்பம். 1960கள் வரை திருச்சபை அந்தச் சமூகத்தைப் பிடித்து வைத்திருந்த பிடி அப்படி. பாரிஸ்காரர் கியூபெக் பேச்சைப் போலிசெய்யும்போது முதலில் எடுப்பது இவற்றைத்தான். அங்கே போய் நீங்களும் எடுத்துவிடாதீர்கள். நண்பர்களிடையே சிரிப்பு, வேலையிடத்தில் வம்பு.

பிரான்சில் இன்னும் கேலி செய்கிறார்களா?

செய்கிறார்கள், பெரும்பாலும் செல்லமாக. "உங்கள் பேச்சு எவ்வளவு அழகு!" என்பதும் அதில் அடக்கம், சொல்ல வந்த செய்தியை விட்டுவிட்டுச் சொல்லும் விதத்தை மட்டும் கவனிக்கும் பாராட்டு அது. கியூபெக் திரைப்படங்கள் சிலவற்றை பிரான்சில் பிரெஞ்சு வசன வரிகளோடு திரையிடுவதும் உண்டு.

சொந்த நாட்டுக்காரர்களையே அவர்கள் விடுவதில்லை. 2018இல் பிரான்ஸின் அரசியல் கட்சித் தலைவர் ஒருவர், கேள்வி கேட்ட செய்தியாளரின் தெற்குப் பிரான்ஸ் நகரமான துலூஸின் பேச்சுச் சாயலைப் போலிசெய்து, யாராவது புரிகிற பிரெஞ்சில் கேளுங்கள் என்றார். இப்படிப் பேச்சை வைத்து ஒதுக்குவதற்கு மொழியியலாளர் பிலிப் பிளான்ஷே 'குளோத்தோஃபோபி' என்று பெயர் வைத்திருந்தார். 2020 நவம்பரில், பேச்சுச் சாயலைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் மசோதாவை பிரான்ஸின் தேசியப் பேரவை நிறைவேற்றியது.

கியூபெக்காரர்கள் மட்டும் பிறரைக் கேலி செய்வதில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டே ஆக வேண்டியது. பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கில் அகாதியர்கள் இருக்கிறார்கள். 1755 முதல் ஆங்கிலேயர்களால் ஊரோடு பிடுங்கி நாடுகடத்தப்பட்டு, பிறகு சிறிது சிறிதாகத் திரும்பிவந்தவர்களின் வழித்தோன்றல்கள். மொங்க்டன் பக்கத்து இளைஞர்கள் பேசும் 'ஷியாக்' பழைய பிரெஞ்சு வினைவடிவங்களையும் ஆங்கிலச் சொற்களையும் ஒரே மூச்சில் சேர்க்கும். அதைப் பற்றி மொன்றியலில் சொல்லப்படுபவை, மொன்றியலைப் பற்றி ஒருகாலத்தில் பாரிஸில் சொல்லப்பட்டவையேதான்: இது மொழியா, ஆங்கிலத்தில் கரைவதற்கு முந்தைய கட்டமா? இவ்வளவுக்கும் 1979இல் பிரான்ஸின் உயரிய இலக்கியப் பரிசான கொங்கூர் பரிசு பெற்று, கனடாவுக்கு அப்பரிசு முதன்முதலில் சென்றது என்ற பெயரைத் தேடித் தந்தவர் கியூபெக் எழுத்தாளர் அல்ல. அகாதியரான அந்தோனின் மையே.

ஒரு வழக்கு வெட்கத்தாலேயே அழிந்துபோக முடியுமா?

அமெரிக்காவில் பிரெஞ்சு பேசும் மக்கள் வாழ்ந்த லூயிசியானா மாநிலத்தைப் பாருங்கள். 1921ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு ஆங்கிலத்தைப் பள்ளியின் ஒரே மொழியாக்கியது. மைதானத்தில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 'இனிப் பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று வரிவரியாக எழுதவைக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது தங்கள் குழந்தைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். மொழி ஒரு தலைமுறையில் அறுந்தது.

1968இல் மாநில அரசே பிரெஞ்சு வளர்ச்சிக்கு 'கோதோஃபில்' என்ற அமைப்பை உருவாக்கியது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆசிரியர்கள் பிரான்ஸ், பெல்ஜியம், கியூபெக் ஆகிய இடங்களிலிருந்து வந்தார்கள். பேரக்குழந்தை பள்ளியில் கற்றது ஒன்று, பாட்டி பேசியது வேறொன்று. உன் பிரெஞ்சு சரியில்லை என்று பாட்டிக்கு இரண்டாம் முறையும் சொல்லப்பட்டது, இம்முறை பிரெஞ்சின் நண்பர்களால். உள்ளூர்ப் பேச்சுக்குப் பாடத்தில் இடம் கொடுக்கும் முயற்சிகள் பிறகுதான் வந்தன.

ஆப்பிரிக்காவில் எப்படி?

அதற்குத் தனிப் பக்கம் வேண்டும். ஒன்று மட்டும்: ஐவரி கோஸ்ட்டின் பெருநகரான அபிஜானில் பிரெஞ்சு அலுவலக மொழி மட்டுமல்ல, தெருவின் மொழியும்கூட. இளைஞர்களின் 'நூஷி' என்ற தெருப்பேச்சு அங்கிருந்து பாட்டுகள் வழியாகப் பாரிஸ் புறநகர்களுக்கே போய்ச் சேருகிறது. செனகலில் பெட்ரோல் நிலையத்துக்கு 'எசான்ஸ்ரி' என்று தெளிவாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சின் பெரும்பான்மை நாளை அங்கேதான். எது கொச்சை என்ற தீர்ப்பை அப்போதும் பாரிஸ்தான் வழங்கிக்கொண்டிருக்குமா என்பது சந்தேகம்.

மொன்றியல் தமிழ்ப் பிள்ளைகள் எந்தப் பிரெஞ்சு பேசுகிறார்கள்?

101ஆவது சட்டத்தின்படி பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் கியூபெக் பிரெஞ்சுதான் பேசுவார்கள். பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் இருக்கும் சித்தப்பா பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது முதல் ஐந்து நிமிடம் சிரிப்பாக இருக்கும், பிறகு பழகிவிடும். பெற்றோருக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணத் தமிழைச் சென்னையில் பேசி, "நீங்கள் மலையாளமா?" என்ற கேள்வியை எதிர்கொண்டவர்கள்தானே அவர்கள்.

நான் இங்கே கற்ற பிரெஞ்சு மொன்றியலில் செல்லுமா?

செல்லும். உங்களை அவர்கள் புரிந்துகொள்வார்கள். அவர்களைப் புரிந்துகொள்ள உங்களுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். புறப்படும் முன்பே ரேடியோ-கனடா செய்திகளைத் தினமும் கேளுங்கள், பிறகு தொடர்நாடகங்களுக்குப் போங்கள். அவர்கள் உச்சரிப்பைப் போலிசெய்ய முயல வேண்டாம், தேவையில்லை.

சாப்பாட்டு நேரத்தில்தான் கவனம் வேண்டும். 'தெழெனே' என்றால் பாரிஸில் மதிய உணவு, கியூபெக்கில் காலை உணவு. 'தினே' பாரிஸில் இரவு, கியூபெக்கில் மதியம். இரவு உணவு அங்கே 'சூப்பே'. 'தெபனேர்' என்றால் பாரிஸில் பழுதுபார்க்க வருபவர், மொன்றியலில் பால், ரொட்டி விற்கும் தெருமுனைக் கடை. நன்றி சொன்னால் 'பியன்வென்யூ' என்பார்கள். உள்ளே வரச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 'நீ' என்று சட்டென்று ஒருமையில் பேசினால் மரியாதைக் குறைவு இல்லை. நீங்கள் தடுமாறினால் கடைக்காரர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். பிரெஞ்சிலேயே தொடர விரும்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகிழ்ச்சியோடு திரும்பி வருவார்.